ஹாஸ்டல், பி.ஜி., மேன்ஷன், வாடகை வீடு: சென்னையில் எம்.பி.பி.எஸ். படிப்பவர் எங்கே தங்கலாம்?

கலந்தாய்வில் சீட் உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பித்துவிடும். கல்லூரி ஹாஸ்டலில் சேர்ப்பதா, வெளியில் இடம் பார்ப்பதா? அப்பா ஒரு தாளை எடுத்து இரண்டு இடத்தின் மாத வாடகையையும் எழுதி, எது குறைவோ அதற்கு டிக் போடுவார். அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் விட்டுப்போகும்: காசு கட்டியும் சாப்பிடாத சாப்பாடு, நைட் போஸ்டிங் (ஆஸ்பத்திரியில் இரவுப் பயிற்சி) முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம், வெளியூர் போஸ்டிங்கில் அறை பூட்டிக் கிடக்கும் மாதங்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் ஆண்டு கல்லூரி ஹாஸ்டல். இரண்டாம் ஆண்டிலிருந்து, ஒத்துப்போகும் நாலு பேர் கிடைத்தால் வாடகை வீடு. கிடைக்காவிட்டால் ஹாஸ்டலிலேயே இருப்பது மேல். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் (பயிற்சி டாக்டராக இருக்கும் கடைசி ஆண்டு) மறுபடி ஆஸ்பத்திரிக்குப் பக்கம். தனியார் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கல்லூரி ஹாஸ்டல்

அரசுக் கல்லூரி ஹாஸ்டலில் அறை வாடகை பெயருக்குத்தான். நிஜச் செலவு மெஸ் பில். பெரும்பாலான இடங்களில் டிவைடிங் சிஸ்டம். அந்த மாத மளிகை, காய்கறி, பால், காஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். மாதச் செலவு 12 லட்சம், மொத்தச் சாப்பாட்டு நாட்கள் 8,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 150 ரூபாய்; 30 நாளுக்கு 4,500.

இதில் புதிதாகச் சேருபவர்கள் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஸ்டடி ஹாலிடேஸில் பாதிப் பேர் ஊருக்குப் போய், இல்லாத நாட்களின் பணத்தைக் கழிக்கச் சொல்லி மெஸ் ரிடக்‌ஷன் எழுதிவிடுவார்கள். மளிகைச் செலவு குறையும், சமையல்காரர் சம்பளம் குறையாது. அதே சம்பளத்தைக் குறைந்த நாட்களால் வகுக்கும்போது தங்கிப் படிப்பவர்களின் தினசரி ரேட் ஏறிவிடும். பரீட்சை மாதத்து பில் அதிகமாக வந்தால் மெஸ் செக்ரட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஸ்டோர் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். காட்ட மறுக்கும் மெஸ்ஸைப் பற்றி அதன் பிறகு சந்தேகப்படலாம்.

ரிடக்‌ஷன் விதியையும் சேரும் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும். தொடர்ந்து எத்தனை நாள் இல்லாவிட்டால் கழிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் எழுதித் தர வேண்டும் என்பது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் வேறுபடும். சனி, ஞாயிறு மட்டும் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் ஒரு பைசாவும் கழியாது. மாதம் எட்டு நாள் இப்படிப் போனால், மேலே சொன்ன ரேட்டில் 1,200 ரூபாய் காற்றில் போகிறது.

முதல் ஆண்டுக்கு ஹாஸ்டலைச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒரே ஆண்டில் வந்து விழும். ஹிஸ்டாலஜி படங்களும் ரெக்கார்டும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் முடியும். பக்கத்து அறையில் அதையே வரைந்துகொண்டிருப்பவர் இருப்பது பெரிய வசதி. போன வருடக் கேள்விகளும் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) யார் எதைக் கேட்பார் என்ற தகவலும் சீனியர்களிடம்தான் கிடைக்கும். எலும்பு செட்டும் அவர்களிடமிருந்து கைமாறி வருவதுதான். அந்த செட்டை வாடகை வீட்டு அலமாரியில் வைத்து, ஒரு நாள் ஹவுஸ் ஓனர் மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டால், அடுத்த மாதம் நீங்கள் வேறு வீடு தேட வேண்டியிருக்கும்.

ராகிங் பயத்தால் முதல் ஆண்டே வெளியில் அறை எடுக்கும் குடும்பங்கள் உண்டு. ராகிங் நடக்க வாய்ப்புள்ள இடம் ஹாஸ்டல் மட்டும் அல்ல. வெளியில் தங்குபவர் தினமும் அதே வளாகத்துக்குத்தான் வருகிறார். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை, புதியவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் வைக்கச் சொல்கிறது. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: ஃபர்ஸ்ட் இயர் பிளாக் தனியா, இரவில் அங்கே டெபுடி வார்டன் தங்குகிறாரா? தேசிய உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

குறைகளும் உண்டு. மரக் கட்டில் என்றால் மூட்டைப்பூச்சியை எதிர்பாருங்கள். கட்டிலின் மூலை இடுக்குகளிலும் மெத்தைத் தையலிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மெத்தை போடுவதற்கு முன்பே ஹாஸ்டல் ஆபீஸில் சொல்லி மருந்து அடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு முறை அடித்தால் போதாது. முட்டை பொரிந்து வருவதற்கு இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை. கழிப்பறை எண்ணிக்கையைக் கேட்பதைவிட, காலை ஆறரை மணிக்கு எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று கேட்பது பயன் தரும். இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் பெரும்பாலும் தடை. பழைய வயரிங் தாங்காது என்பது உண்மையான காரணம்தான்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கக்கூடத் தேவையில்லை. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வெளியில் எடுக்கும் அறைக்கு அது வராது.

சுயநிதிக் கல்லூரிகளில் கதை வேறு. ஹாஸ்டல் கட்டணம் வருடத்துக்கு மொத்தமாக, மெஸ்ஸோடு சேர்த்து. நடுவில் வெளியேறினால் பெரும்பாலும் மீதி திரும்பாது. சில இடங்களில் ஹாஸ்டல் கட்டாயம். அங்கே தேர்வு செய்ய ஒன்றும் இல்லை, ஏசி அறையா சாதா அறையா என்பதைத் தவிர.

தூரத்தை எங்கிருந்து அளப்பது

வெளியில் இடம் தேடுகிறவர்கள் கல்லூரி வாசலிலிருந்து தூரம் பார்க்கிறார்கள். கிளினிக்கல் போஸ்டிங் ஆரம்பித்த பிறகு அந்த அளவுக்கு அர்த்தம் குறைந்துவிடும். எம்.எம்.சி. (மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி) சென்ட்ரலுக்கு எதிரே இருந்தாலும் மகப்பேறு, குழந்தைகள், கண் மூன்று போஸ்டிங்கும் எழும்பூரில், மனநலம் கீழ்ப்பாக்கத்தில். எனவே எம்.எம்.சி. மாணவருக்கு எழும்பூர், வேப்பேரி, பெரியமேடு, புரசைவாக்கத்தின் தெற்குப் பக்கம் வசதி. எழும்பூரிலிருந்து சென்ட்ரல் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மாணவர் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் போயாக வேண்டும். அது நகரத்தின் மறுபக்கம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு போஸ்டிங் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் என்பதால் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தாண்டி வீடு பார்ப்பதில் லாபம் இல்லை.

மெட்ரோவை நம்பித் தூரமாக வீடு எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரவு சுமார் 11 மணியோடு ரயில் நின்றுவிடும், காலை 5 மணிக்குத்தான் மறுபடி. லேபர் வார்டு இரவு போஸ்டிங் அந்த ஆறு மணி நேரத்தில்தான் உங்களை வெளியே விடும். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தையும் வாடகையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து இலவசம் என்பதால் பகல் போக்குவரத்தில் நல்ல மிச்சம் உண்டு, இரவுக்கு அது உதவாது.

பி.ஜி.

பார்க்க மலிவு. மூன்று பேர் ஷேரிங், மூன்று வேளைச் சாப்பாடு, வைஃபை, வாஷிங் மெஷின், 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குக் கிளம்புகிற மருத்துவ மாணவருக்கு ஏழரைக்கு வரும் இட்லி கிடைக்காது. மதியச் சாப்பாடு அங்கே இருக்கும், நீங்கள் வார்டில் இருப்பீர்கள். இந்த இரண்டு வேளைக்கும் வெளியில் ஒரு நாளைக்கு 120 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 3,120. ஆக 12,120. இந்த பி.ஜி.க்கள் ஒன்பதரை மணிக்கு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்களுக்காக அமைந்தவை, நேரம் அவர்களுடையது. சேரும் முன் காலை டிபன் ஆறே முக்காலுக்குக் கிடைக்குமா, மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். சமைப்பவர் தலையாட்டினால் மட்டும் நம்பலாம். மேனேஜர் தலையாட்டினால் போதாது. அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் அம்மா உணவகம் இருந்தால் ஒரு ரூபாய் இட்லி இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும்.

லேடீஸ் ஹாஸ்டல்களில் இன்டைம் (இரவு உள்ளே திரும்ப வேண்டிய நேரம்) இன்னொரு சிக்கல். கல்லூரி ஹாஸ்டல் வார்டனுக்கு டியூட்டி லிஸ்ட் என்றால் என்னவென்று தெரியும். தனியார் ஹாஸ்டலில் ஒன்பதரைக்குப் பூட்டிய கேட்டைப் பன்னிரண்டு மணிக்குத் திறக்க வாட்ச்மேனுக்கு அதிகாரம் இருக்காது. இரவு போஸ்டிங் நாட்களில் கேட் திறக்கப்படும் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் தேவை. உரிமத்தைக் கேட்டால் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம்.

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாத தங்குமிடத்துக்கு 2024 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

அட்வான்ஸ் விஷயத்தில் பி.ஜி.க்களின் வழக்கம்: ஒரு மாத வாடகையை வாங்கி, காலி செய்யும்போது மெயின்டெனன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடிப்பது, ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் முழுவதும் போகும். நோட்டீஸ் மாதத்தின் முதல் தேதியில்தான் தர வேண்டும் என்று சில இடங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். ஐந்தாம் தேதி சொன்னால் கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை.

மேன்ஷன்

ஆண்களுக்கு மட்டும். திருவல்லிக்கேணியில் அதிகம், அண்ணா சாலை ஓமந்தூரார் வளாகத்து மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு நடை தூரம். தனி அறை, வராந்தா முடிவில் பொதுக் குளியலறை, சாப்பாடு கிடையாது, சுற்றிலும் மெஸ்கள். யாரும் எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், நைட் போஸ்டிங்கில் இருப்பவருக்கு இது வரம். ஜன்னல் வராந்தா பக்கம் மட்டும் திறக்கும் அறையை ஒதுக்குங்கள். மே மாதத்தில் பகலில் தூங்க முடியாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்த மாடியைக் கேட்டு வாங்கினால் சத்தம் குறைவாக இருக்கும்.

வாடகை வீடு

நாலு பேர் சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 24,000, மெயின்டெனன்ஸ் 2,000, ஒருவருக்கு 6,500. கரண்ட் 300, இன்டர்நெட் 250, காஸ் 300, கேன் வாட்டர் 150, மளிகை காய்கறி 3,000. இரண்டு வேளை சமைக்க வரும் அக்காவுக்கு 6,000 என்றால் பங்கு 1,500. மொத்தம் 12,000. பி.ஜி.யின் நிஜச் செலவுக்குச் சமம். ஆனால் காலை ஆறரைக்குச் சூடான டிபன், கையில் டப்பா, ராத்திரி எத்தனை மணிக்கும் சாவி உங்கள் பையில்.

இதில் மறைந்திருப்பது ஒரு தடவைச் செலவு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங் என்று இன்னொரு மாத வாடகை. இரண்டும் சேர்த்து 48,000, ஒருவருக்கு 12,000. ஒரே வருடத்தில் காலி செய்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய் கூடும். மூன்று வருடம் இருந்தால் 333தான். குறைந்தது இரண்டு வருடம் இருக்கப் போவதில்லை என்றால் வீடு எடுக்க வேண்டாம்.

உடையும் இடம் பணமல்ல, ஆள். நாலில் ஒருவர் கிளம்பினால் 26,000 மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 8,667 ஆகிவிடும். அதனால் உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: கிளம்புகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவர வேண்டும் அல்லது இரண்டு மாதப் பங்கைத் தர வேண்டும், அட்வான்ஸ் பங்கைப் புதிதாக வருபவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும், இருப்பவர்களிடம் கேட்கக் கூடாது. ஓனரோடு போடும் ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் அப்பாதான் எல்லோருடைய பாக்கிக்கும் பதில் சொல்வார்.

‘ஃபேமிலி ஒன்லி’ பலகையைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். பேச்சிலர் என்று சொல்லாமல், இன்ன மருத்துவக் கல்லூரி மாணவர்கள் என்று பெற்றோர் ஒருவரோடு நேரில் போனால் பாதிக் கதவுகள் திறக்கும். முழுக்கத் திறக்காது; அசைவம் சமைப்பதாலோ சாதி விசாரிப்பிலோ மூடும் கதவுகளும் இந்த நகரத்தில் இருக்கின்றன. அவற்றில் நேரம் செலவழிக்காதீர்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவாக வேண்டும். ஆன்லைனில் செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. எனவே பத்து மாத அட்வான்ஸ் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. தகராறு வந்தால் தண்ணீர், கரண்டை நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் முதல் கேள்வி: இந்த வீட்டுக்குத் தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா? இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப் மீட்டர் போட்டு ஓனர் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கினால் அந்தச் சலுகை அவருக்குப் போகிறது. ஏசி ஓடும் வீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஒன்றரை டன் இன்வெர்டர் ஏசி இரவு எட்டு மணி நேரத்துக்கு சுமார் 7 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 420. ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் சேர்ந்தால் 500ஐத் தாண்டும். தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படியில் இருந்த மலிவு விலையும் போய்விடும். பில் சட்டென எகிறுவது அதனால்தான். இரண்டாவது ஏசி போடும் எண்ணம் இருந்தால் அதற்கு யார் பணம் என்று முன்பே பேசிவிடுங்கள்.

காஸுக்கு முகவரிச் சான்று இல்லையென்றால் கள்ள சிலிண்டர் தேட வேண்டியதில்லை. அடையாள அட்டை காட்டினால் ஏஜென்சிகளில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. விலை அதிகம், ஆனால் முறையானது.

தரைத்தள வீடு வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் கண்டிப்பாக வேண்டாம்; 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் அங்கே என்ன செய்தன என்று பக்கத்து வீட்டுச் சுவரிலுள்ள தண்ணீர்த் தடத்தைக் கேட்டால் தெரியும்.

ஹவுஸ் சர்ஜன், முதுநிலை

ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் சமூக மருத்துவம் மட்டும் 12 வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடுவார்கள். அந்த மூன்று மாதமும் நகரத்து வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மீதி மாதங்களில் கேஷுவால்டியும் லேபர் வார்டும் அறைக்கு வரவே விடாது. இருபது நிமிடத் தூக்கத்துக்கு ஐந்து நிமிட நடை தூரம் வேண்டும். குவார்ட்டர்ஸ் எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்வதே சரி. வீட்டை ஜூனியர் செட்டுக்கு ஓனர் சம்மதத்தோடு மாற்றிவிட்டால் பெயின்டிங் பிடித்தமும் தப்பும்.

முதுநிலை மாணவர்களுக்குக் கல்லூரி தங்குமிடம் தர வேண்டியது கட்டாயம், அதில் தங்குவது கட்டாயமில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. ஹாஸ்டல் கட்டணம் கட்டியே தீர வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள். வெளியில் வீடு எடுப்பவர்கள் மாவட்ட ரெசிடென்சிக்கான (மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி) மூன்று மாதம் எந்த செமஸ்டரில் வரும் என்று முதலில் தெரிந்துகொண்டு, ஒப்பந்த முடிவை அதற்கு முன்னால் வரும்படி போடுவது புத்திசாலித்தனம்.

கல்விக் கடனில் ஹாஸ்டல் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். வெளியில் தங்கும் செலவையும் நியாயமான அளவில் வங்கிகள் சேர்ப்பதுண்டு, ஆனால் கடன் விண்ணப்பத்திலேயே அதைக் காட்டியிருக்க வேண்டும். ஹாஸ்டல் என்று எழுதி வாங்கிய கடனை இரண்டாம் ஆண்டில் வீட்டு வாடகைக்கு மாற்றக் கிளை மேலாளரிடம் அலைய வேண்டியிருக்கும்.

காலி செய்யும்போது: சாவி கொடுக்கும் நாளில் ஓனரோடு சேர்ந்து அறை அறையாக வீடியோ எடுங்கள், மின் மீட்டர் ரீடிங்கைப் படம் பிடித்து இருவரும் தேதி போடுங்கள், அட்வான்ஸில் எதெதற்கு எவ்வளவு பிடித்தம் என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தச் செய்தியைப் பணம் வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.